ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? கடலூர், சிதம்பரம்வாசிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு!

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்ற எச்சரிக்கை திரையில் வந்தால்தான் பலருக்கும் பேக்கப் ஞாபகம் வருகிறது. உடனே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி விழும்: “எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒண்ணு வாங்கணும், எது நல்லது?” ஒருவர் தனக்குப் பிடித்த பிராண்டைச் சொல்வார். இன்னொருவர், “அதெல்லாம் பழசு, எஸ்எஸ்டி வாங்கு” என்பார். மூன்றாமவர், “எதுக்கு இந்தத் தொல்லை, கிளவுடுல போட்டுரு” என்று பேச்சை முடித்துவிடுவார்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு பழைய லேப்டாப்பை மாற்றுவோர் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. ஆனால், இந்த உரையாடலில் ஒரு விஷயம் மட்டும் வருவதே இல்லை: வாங்கும் டிரைவ் எந்த வீட்டில், எந்த ஊரில் இருக்கப்போகிறது?

கம்ப்யூட்டர் இருக்கும் அதே மேசையின் டிராயரில் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பாதி பேக்கப்தான். கடலூர், சிதம்பரம் பகுதியில் இருப்பவர்களுக்கு இது சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை.

பூட்டிய அறையில் இருந்த ஓலைகள்

ஒரே இடத்தில் வைத்துப் பூட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்குத் தமிழில் சொல்லப்படும் மிகப் பழைய கதைகளில் ஒன்று சிதம்பரத்தில்தான் நடக்கிறது. தேவாரப் பதிகங்கள் எங்கே என்று சோழ மன்னன் தேடினான். காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியின் வழியாக, அவை தில்லைக் கோயிலில் பூட்டிய அறை ஒன்றில் இருப்பது தெரிந்தது. அறையைத் திறந்தபோது ஓலைச்சுவடிகளின் மேல் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்கள். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை இது. அந்த மன்னன் ராஜராஜ சோழன் என்பது மரபு.

சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 என மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்கள் பாடியதாக மரபு கணக்குச் சொல்கிறது. இன்று கையில் இருப்பவை ஏறக்குறைய 800. அந்தப் பெரிய எண்களை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், கதை காட்டும் விபத்து இன்றைக்கும் அப்படியே பொருந்தும். அறைக்குப் பூட்டு இருந்தது, காவல் இருந்தது, மரியாதையும் இருந்தது. திறந்து பார்க்கும் பழக்கமும், வேறோர் இடத்தில் இன்னொரு முழுப் பிரதியும்தான் இல்லை.

இதே தேவாரத்தில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தின் திருவிடைவாயில், சுவடிகளில் காணாத சம்பந்தர் பதிகம் ஒன்று பிற்காலத்தில் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஓலையில் தொலைந்தது கல்லில் பிழைத்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கு ராஜராஜன் 48 பேரை நியமித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்த 48 பேரும் பாடல்களை மனதில் வைத்திருந்தவர்கள். ஓலை, கல், மனித நினைவு என மூன்று விதமான ஊடகங்களில், வெவ்வேறு ஊர்களில் பரவியிருந்ததால்தான் மிஞ்சியது மிஞ்சியது.

இன்றைய தொழில்நுட்ப உலகம் இதையே ‘3-2-1 விதி’ என்கிறது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய விதி இது. முக்கியமான ஒவ்வொரு ஃபைலுக்கும் 3 பிரதிகள் வேண்டும். அவை குறைந்தது 2 வகையான ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் இருப்பது முதல் பிரதி. வீட்டில் இருக்கும் எக்ஸ்டர்னல் டிரைவ் இரண்டாவது. வேறு ஊரிலோ கிளவுடிலோ இருப்பது மூன்றாவது. அவ்வளவுதான் கணக்கு.

கடலூருக்கு ஏன் தனிக் கணக்கு?

டிரைவ் பழுதாவது ஒரு ரிஸ்க். அது தனித்தனியாக நடக்கும். டேட்டா சென்டர்களில் லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி, 2024-ல் ஓராண்டுக்குள் பழுதானவை 1.57 சதவீதம். நூற்றில் ஒன்று, இரண்டு. வீட்டில் கீழே விழுந்து, பையில் அடிபட்டு ஓடும் போர்ட்டபிள் டிரைவுக்கு இது இன்னும் கூடுதலாகவே இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், இரண்டு டிரைவ்கள் ஒரே வாரத்தில் தாமாகப் பழுதாகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

வெள்ளம் அப்படி இல்லை. அது லேப்டாப்பையும், டிராயரில் உள்ள டிரைவையும், அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள பழைய ஹார்டு டிஸ்க்கையும் ஒரே இரவில் நனைத்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டக் கடற்கரையைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் தமிழகத்திலேயே மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

கடலூர் நகரத்துக்குத் தென்பெண்ணையும் கெடிலமும். சிதம்பரத்துக்கு வெள்ளாறும் கொள்ளிடமும். இந்த நிலவியலில், ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பிரதிகளும் ஆபத்து வரும் நாளில் ஒரே பிரதிதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்த ஆராய்ச்சி மாணவரின் தரவுகள், கல்யாண ஸ்டுடியோக்காரர் இன்னும் ஆல்பம் போட்டுக் கொடுக்காத படங்கள், இறந்துபோன அப்பாவின் குரல் உள்ள ஒரே வீடியோ என, கடையில் மறுபடி வாங்க முடியாதவைதான் அதில் இருக்கின்றன. லேப்டாப்பை மறுபடி வாங்கிவிடலாம். இவற்றை முடியாது.

இது சிறிய ஊர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவைத்த ‘ஜி-டிரைவ்’ என்ற அமைப்பு எரிந்துபோனது. 858 டெராபைட் தரவு. அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி எடுத்துவைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். உலகின் முன்னணி டிஜிட்டல் நாடுகளில் ஒன்றிலேயே இந்தக் கதை என்றால், மஞ்சக்குப்பத்தில் ஒரு டிராயரை நம்புவது எந்த அளவு சரி?

சரி, எதை வாங்குவது?

இப்போது கடைக்குப் போகலாம். முன்னால் இருப்பவை நான்கு: பென் டிரைவ், போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், போர்ட்டபிள் எஸ்எஸ்டி, தனி அடாப்டரோடு வரும் பெரிய டெஸ்க்டாப் டிரைவ்.

பென் டிரைவ் ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லத்தான். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க நல்லது. ஆண்டுக்கணக்கில் வைக்கும் ஒரே பிரதியாக அதை நம்பக் கூடாது. சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போவதும் அதுதான்.

போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் சுழல்கின்றன. இந்த வகையில் நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள் வழக்கமான வேகம். அந்தத் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து தட்டிவிட்டால் கதை முடிந்துவிடலாம். ஆனால், எழுதி முடித்து, கழற்றி, அலமாரியில் வைத்துவிட்டால் அது பொறுமையான பொருள். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் விலையும் எஸ்எஸ்டியைவிடக் குறைவு.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதனால் அடி தாங்கும், வேகமும் பல மடங்கு. வீடியோ எடிட்டர்கள், தினமும் பேருந்திலும் ரயிலிலும் டிரைவோடு அலைபவர்கள் இதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால், விளம்பரம் சொல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. எஸ்எஸ்டி தகவலை நுண்ணிய மின்னூட்டமாகத் தேக்கிவைக்கிறது. மின்சாரமே கொடுக்காமல் நீண்ட காலம் வைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். சூடு அதிகமானால் கசிவும் அதிகம். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் அளவுகோல். புதிய டிரைவ் அதைவிட அதிக காலம் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மே மாத வெயிலில் தகிக்கும் பரணில் போட்டு, நாலு வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கும் பொருள் அது அல்ல.

டெஸ்க்டாப் டிரைவில் கொள்ளளவு அதிகம் கிடைக்கும். ஸ்டுடியோக்களுக்கு உதவும். ஆனால், அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வேண்டும். தானே புயலுக்குப் பிந்தைய வாரங்களை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன டிரைவை, சார்ஜ் உள்ள லேப்டாப் ஒன்று இருந்தால் எங்கிருந்தும் திறந்துவிடலாம். வீட்டுப் பயன்பாட்டுக்குச் சின்னதே போதும்.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கான பதில் இதுதான்: விலை உயர்ந்த ஒரே ஒரு எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதைவிட, சாதாரணமான போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கலாம். முடிந்தால் வெவ்வேறு நிறுவனங்களுடையதாக. ஒரே பேட்சில் வந்த இரண்டில் ஒரே குறை இருக்கக்கூடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. வேகம் கொஞ்சம் குறையட்டும். ராத்திரி காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலைக்கு வேகம் எதற்கு?

எத்தனை டிபி?

“எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிசா எடுத்துடலாம்” என்பது கடையில் சகஜமாகக் கேட்கும் வசனம். அதற்கு முன் லேப்டாப்பில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. டவுன்லோடு செய்த சினிமாக்களையும் பழைய சாஃப்ட்வேர்களையும் கழித்துவிட்டால், பலருக்கும் உண்மையிலேயே முக்கியமானது 200, 300 ஜிபிக்குள் அடங்கிவிடும். அதன் இரண்டு மடங்குக்குக் குறையாத டிரைவ் போதும். ஒரு டிபி அல்லது இரண்டு டிபி என்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வீடியோ எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும்.

1 டிபி என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. பொருள் ஒன்றுதான், அளவுகோல் வேறு.

சண்டை போட வேண்டிய இடம் ஆன்லைனில் இருக்கிறது. ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் விளம்பரங்கள் மோசடி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அதன் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். காப்பி ஆவதுபோலத் தெரியும், ஃபைல் பெயரும் வரும், திறந்தால் காலி. எந்தப் புது டிரைவாக இருந்தாலும், ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, அப்புறம்தான் ஃபைல்களைப் போட வேண்டும். பில்லை வாங்கி, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டியைச் சரிபார்ப்பதும் அன்றைக்கே முடிய வேண்டிய வேலை.

வாரண்டியைப் பற்றி ஒரு விஷயம். மூன்று ஆண்டு வாரண்டி என்றால், மூன்று ஆண்டுக்குள் பழுதானால் வேறு டிரைவ் தருவார்கள் என்று அர்த்தம். உள்ளே இருந்த படங்களைத் தருவார்கள் என்று அர்த்தம் இல்லை.

கேபிள், ஃபார்மட்: சின்ன விஷயம், பெரிய எரிச்சல்

டைப்-சி என்பது துளையின் வடிவம்தான், வேகம் அல்ல. டிரைவும் கேபிளும் லேப்டாப்பின் துளையும் மூன்றுமே யூஎஸ்பி 3 வகையாக இருந்தால்தான் ஹார்டு டிஸ்க்கின் முழு வேகம் கிடைக்கும். விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் ஒரு டிபி காப்பியாக இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் அதே வேலைக்கு எட்டு மணி நேரம். பெட்டியோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டு மொபைல் சார்ஜர் கேபிளைச் செருகுவோருக்கும் இதே கதிதான்.

வீட்டில் விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் போதும். அலுவலகத்தில் மேக், வீட்டில் விண்டோஸ் என்றால் எக்ஸ்ஃபேட் வசதி. என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், தானாக எழுதாது. பழைய ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலைப் போட முடியாது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கிளவுடு போதாதா?

கிளவுடை எதிர்க்க வேண்டியதில்லை. 3-2-1 கணக்கில் ‘வேறு இடம்’ என்ற பங்கை அது அருமையாகச் செய்யும். ஆனால், அதை மட்டுமே நம்புவதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, அளவு. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலையும் சேர்த்து. அதற்கு மேல் மாதாமாதம் கட்ட வேண்டும். பணம் கட்டினாலும், விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஒரு டிபி ஏற்ற, இடைவிடாமல் நாலரை நாள் ஆகும்.

இரண்டாவது, பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது சிங்க், பேக்கப் அல்ல. லேப்டாப்பில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுடிலும் அது அழியும். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாட்களில் நிரந்தரமாகப் போய்விடும். முப்பத்தொன்றாம் நாள் ஞாபகம் வந்தால்?

அதனால் எல்லாவற்றையும் ஏற்றாமல், மிக முக்கியமானதை மட்டும் ஏற்றலாம். சான்றிதழ்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், தீசிஸ், தேர்ந்தெடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் சேர்ந்து பலருக்கு 15 ஜிபிக்குள்ளேயே அடங்கும். புயல் நாட்களில் இணையம் கிடைக்காவிட்டாலும் தகவல் பத்திரமாக எங்கோ இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும்.

செருகியே வைக்கக் கூடாது

“எப்பவும் கனெக்ட் பண்ணியே வச்சிருக்கேன், தானா பேக்கப் ஆயிடும்” என்பவர்கள் கவனிக்க வேண்டியது ரேன்சம்வேர். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்த வகை வைரஸ், செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். இடி, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வுக்கும் இதே விதிதான். வேலை முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்து, கழற்றி வைக்க வேண்டும்.

கழற்றிய டிரைவைக் கடற்கரையோர வீடுகளில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, உயரமான தட்டில் வைப்பது நல்லது. உப்புக் காற்று இரும்புக் கதவையே அரித்துவிடும். யூஎஸ்பி முனை எம்மாத்திரம்? டிரைவ் வெள்ளத்தில் நனைந்துவிட்டால், “ஓடுதான்னு பார்ப்போம்” என்று செருகவே கூடாது. திறந்து துடைப்பதும், ஹேர் டிரையர் காட்டுவதும், அரிசியில் புதைப்பதும் இருந்த கொஞ்ச வாய்ப்பையும் கெடுத்துவிடும். அப்படியே தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் புது டிரைவைவிடப் பல மடங்கு செலவாகலாம்.

வேறு வீட்டுக்குப் போகும் டிரைவுக்குப் பாஸ்வேர்டு பூட்டு அவசியம். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. மற்றவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம். பாஸ்வேர்டை மறந்தால் மீட்கவே முடியாது என்பதால், அதைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வைப்பதும் அவசியம். அலுவலக ஃபைல்களைச் சொந்த டிரைவில் காப்பி செய்வது வேறு விவகாரம். பல நிறுவனங்களில் அது விதிமீறல். வாடிக்கையாளரின் தகவல் இருந்தால், 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

திறந்து பார்த்தால்தான் பேக்கப்

தில்லை அறையின் இன்னொரு குறை, யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது. இதற்கும் இக்கால உதாரணம் இருக்கிறது. பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1998-ல் யாரோ கொடுத்த தவறான கட்டளையால் படத்தின் ஃபைல்கள் கடகடவென்று அழிந்தன. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யாமல் இருந்தது தெரியவந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. பெரிய ஸ்டுடியோவின் பேக்கப் கைவிட்டது, வேறு வீட்டில் இருந்த பிரதி கைகொடுத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரைவைச் செருகி, பழைய போட்டோ பத்து, டாகுமெண்ட் பத்து, வீடியோ இரண்டு என்று திறந்து பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. ஐந்து ஆண்டு ஆன டிரைவை, நன்றாக ஓடினாலும், முதன்மைப் பொறுப்பிலிருந்து விடுவித்துப் புதியதில் படியெடுக்க வேண்டும். ஓலைச்சுவடிகளை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களும், பழைய ஓலை இற்றுப்போகும் முன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதியவர்கள்தாம்.

செலவு இரட்டிப்பு ஆகாதா?

ஆகும். “ஒண்ணு வாங்கவே யோசிக்கிறேன், ரெண்டா?” என்ற கேள்வி நியாயமானது. முதல் வேலையில் சேர்ந்தவருக்கும், உதவித்தொகையை நம்பியிருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் அது சின்னத் தொகை இல்லை. அவர்கள் 2 டிபி ஒன்றுக்குப் பதில் 1 டிபி இரண்டு வாங்கலாம். கூடுதல் செலவு குறையும். அதுவும் முடியாதென்றால், ஒரு ஹார்டு டிஸ்க்கோடு, மிக முக்கியமானதை மட்டும் இலவச கிளவுடில் ஏற்றிவைக்கலாம். பெரிய டிரைவ் ஒன்றைவிட இதுவே பாதுகாப்பானது. பணம் இல்லை என்பதால் பேக்கப் இல்லாமல் இருப்பவர்களைவிட, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று இருப்பவர்களே அதிகம்.

இரண்டாவது டிரைவை எங்கே வைப்பது என்பதற்கு இந்தப் பகுதியில் இயல்பாகவே ஒரு வழி இருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டுக்கு ஒருவராவது சென்னையிலோ பெங்களூரிலோ கோவையிலோ வேலை பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ ஓர் அத்தை வீடு இருக்கும். ஒரு டிரைவ் இங்கே, இன்னொன்று அங்கே. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அங்கிருந்து கொண்டுவந்த டிரைவில் புதியதை ஏற்ற வேண்டும். திரும்பும்போது அதை இங்கே விட்டுவிட்டு, இங்கிருந்ததையும் புதுப்பித்து எடுத்துச் செல்ல வேண்டும். பொங்கலுக்கு மறுபடி ஒருமுறை. ஆண்டுக்கு இரண்டு முறை, பண்டிகைப் பையில் துணியோடு துணியாக. தீபாவளி பெரும்பாலும் மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், புயல் சீசன் உச்சத்துக்கு வருவதற்குள் ஒரு பிரதி ஊரைவிட்டு வெளியே போயிருக்கும்.

அடுத்த முறை வாட்ஸ்அப் குழுவில் “எது நல்லது?” என்று யாராவது கேட்டால், பிராண்டுக்கு முன் இதைக் கேட்கலாம்: “ரெண்டாவது எங்க வைக்கப்போற?” அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், கடையில் எதை வாங்குவது என்பது ஐந்து நிமிட விஷயம்தான்.